பாட்சா கடை பிளாஸ்க்

தைலம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு மனசே வராது. சந்து முழுக்கக் கேட்க என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று ஏசியவள் அவள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அலோன் படகுத்துறைக்குப் போகும் சந்து முனையில் வடை சுடுகிறாள். புருஷன் இல்லை, மகளை ஊரின் மறுகோடியிலுள்ள தாகேதாவில் கட்டிக்கொடுத்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் என் பலசரக்குக் கடை, எதிரே சாதிக் பாட்சாவின் டீக்கடை. ஷிரினின் வெற்றிலைக் கடையும் சைமனின் சோற்றுக்கடையும் அடுத்தடுத்து.

ஊரில் சில்லறை நோட்டே காணாமல் போனபோது, மீதிக்கு மிட்டாய் கொடுத்து ஏச்சு வாங்கினோம். அப்புறம் ஐந்து கடையும் சேர்ந்து, மீதிப் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்க ஒரே மாதிரி காகிதச் சீட்டு அடித்தோம். எந்தக் கடையில் வாங்கிய சீட்டும் ஐந்திலும் செல்லும். முத்திரை வாரத்துக்கு ஒருவரிடம் இருக்கும். முத்திரை குத்துகிற சீட்டுக்கு ஈடாகப் பொதுப் பெட்டியில் பணம் போட வேண்டும். எதை மாற்றுவதென்றாலும் ஐவரும் ஒப்ப வேண்டும். துறைக் கூலிகள் சீட்டை நோட்டாகவே நம்பினார்கள். தைலம்மாளின் இரண்டு மாத வருமானம் சீட்டாகத்தான் அவள் அரிசிப் பானைக்குள் கிடந்தது.

மின்சாரம் ஓயாமல் போனதில் பாட்சா ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே நொந்துபோனான். தன் முறை வந்தபோது பெட்டியில் பணம் போடாமல் முத்திரையைக் குத்தித் தள்ளிவிட்டான். எனக்கு வந்த கோபம் அல்லாவுக்குத்தான் தெரியும்.

“சீட்டே செல்லாதுன்னு சொல்லிருவோம்” என்றேன். ஷிரினும் சைமனும் தலையாட்டினார்கள்.

“நீங்க கதவ சாத்திட்டு உள்ள போயிருவீங்க பாய். துறைக்காரன் என் மூஞ்சிலல்ல வீசுவான்? என் பானையில கெடக்குறது என்னாவும்? நான் ஒப்ப மாட்டேன்” என்று நின்றாள் தைலம்மாள்.

சரி, சீட்டு இருக்கட்டும். பாட்சா செலவைக் குறைத்துப் பெட்டியை நிரப்பட்டும் என்று முடிவானது. முதலில், டீ வாங்குகிறவர்கள் இஷ்டத்துக்கு ஊற்றிக் குடிக்க மேசையில் வைக்கும் பாலில்லாத இலவச வெறுந்தேநீர் பிளாஸ்க்கை எடு என்றேன் நான்.

“அத எடுத்தா ஆளே எந்திரிச்சுப் போயிருவான்” என்றாள் தைலம்மாள். ஆனால் சீட்டைக் காப்பாற்ற வேண்டுமே, அரைமனதாக ஒப்பினாள்.

இந்த ஊரில் பிளாஸ்க் இல்லாத டீக்கடை உப்பில்லாத சோறு. ஒரே வாரத்தில் கூட்டம் அடுத்த சந்துக்குப் போய்விட்டது. பாட்சாவால் பொதுப் பெட்டியில் ஒன்றும் போட முடியவில்லை. டீக்குப் போன சீட்டெல்லாம் அரிசிக்கும் எண்ணெய்க்கும் என் கடைக்கு வந்து குவிந்தது. ஒரு காலையில் நான் வாங்க மறுத்தேன். வாசலில் கூலிகள் கத்த ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் தைலம்மாள் தன் அடுப்பில் கொதித்த வெறுந்தேநீரை பிளாஸ்க்கில் ஊற்றி, பாட்சா மேசையில் கொண்டுபோய் வைத்தாள். “ஒரு டீ போடு பாட்சா” என்று சீட்டை நீட்டிக் குடித்தாள். குடித்த கையோடு பானையைத் தூக்கிவந்து என் கல்லாமேல் கவிழ்த்தாள்.

“எல்லாத்துக்கும் எண்ணெ குடுங்க. நீங்க வாங்கலன்னா இந்த சந்துல எவனும் வாங்க மாட்டான். கல்நெஞ்சுக்கார மனுசா!”

நான் மறுத்தால் அவள் அடுப்பு அன்றோடு அணைந்திருக்கும். கூலிகள் என்னையே பார்த்தார்கள். எண்ணெய் டின்களை எடுத்து வெளியே வைத்தேன். சீட்டு செல்லுகிறது என்று கண்டதும் கத்திக்கொண்டிருந்தவர்கள் கலைந்து, பாதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள்.

பெட்டி இன்னும் நிறையவில்லை. டீசல் விலையும் இறங்கவில்லை. பிளாஸ்க் செலவு மட்டும் இப்போது ஐந்து கடைக்கும் பங்கு. வசூலிக்கிறவள் தைலம்மாள்தான், தினமும் முதலில் என் கடைக்குத்தான் வருகிறாள்.