கூடலூர்க் கடையில் நாற்பது கைகள்

பல்கலைக்கழக ஆசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் தளத்தை வடிவமைப்பது என் வேலை. சென்னையில் உட்கார்ந்து நாங்கள் வரையும் பொத்தான்களை அவர்கள் எப்படித் தொடுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஆடி மாதம் தேனிக்குக் கிளம்பினேன். அங்கிருந்து கம்பம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், மலை கூடவே வரும்.

கம்பத்தில் அமுதா மேடம், வீட்டிலிருந்தே தொலைதூரக் கல்வி மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துகிறார். திரையில் முகங்கள் கிடையாது, நாற்பது பெயர்கள் மட்டும்.

"பட்டனெல்லாம் லேசா இருக்கு தம்பி. ஆனா எதுக்க ஆளு இருக்கான்னுதான் தெரியல. புரியுதான்னு கேட்டா புள்ளைக கை தூக்குதுக. தெனமும் ஒரே வரிசையில. வகுப்புல அப்படியா தூக்கும்? ஆளில்லன்னு தெரிஞ்சா இந்த வேலைய விட்டுருவேன்."

தளத்தைச் சோதித்தேன். கோளாறு எதுவும் இல்லை.

மறுநாள் காலை குமுளி போகலாமென்று கிளம்பி, வழியில் கூடலூரில் இறங்கினேன். கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். போனுக்குச் சார்ஜ் போட ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்தால், உள்ளே அமுதா மேடத்தின் குரல். அலமாரியில் நாற்பது போன்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் அவரே, ஒன்றுக்கொன்று அரை நொடி பிந்திப் பேசிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஏலக்காத் தோட்டத்துல டவர் கெடையாதுல்ல சார்" என்றார் கடைக்காரர் ஷாஜகான் பாய். "படிக்கிற புள்ளைக வேலைக்கு ஜீப்பு ஏறயில போன இங்கன குடுத்துட்டுப் போயிருவாக. வருகை விழணும்ல. பாடத்த ராத்திரி ரெக்கார்டுல கேட்டுக்கிருவாக."

"புரியுதா?" என்றன நாற்பது போன்களும். பாய் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கை உயர்த்தும் பொத்தான், ஒரே தொடலில் வேலை முடியவேண்டுமென்று நான் பார்த்துப் பார்த்துச் செய்தது.

"யாராச்சும் ஒருத்தராவது வாயத் தொறந்து பேசுங்கப்பா" என்றது குரல்.

என்னால் தாங்க முடியவில்லை. ஒரு போனை எடுத்து மைக்கைப் போட்டு, "புரியுது மேடம்" என்றேன். மற்ற போன்களிலிருந்து என் குரலே திரும்பி வந்தது. புரியுது மேடம், புரியுது மேடம், புரியுது மேடம். அதெல்லாம் என் கையிலிருந்த மைக் வழியாக அவருக்கும் போயிற்று.

"அம்புட்டுப் பேரும் இருக்கீகளா?" அவர் குரல் தழுதழுத்தது. நான் மைக்கை அணைத்துவிட்டேன்.

குமுளி போகவில்லை. போகிறவர்களுக்குக் கூடலூரிலிருந்து பஸ்ஸும் ஜீப்பும் உண்டு. காலையில் ஜீப்பில் தோட்ட வேலையாட்கள் நிறைந்திருப்பார்கள் என்பதால் பஸ்ஸே மேல். என்னைப்போல் தளம் செய்கிறவர்களே, பாடம் நடத்துபவரை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பாதீர்கள், ஜீப் கிளம்பும் இடத்துக்கும் போய்ப் பாருங்கள். ஜீப் திரும்பியபிறகு வகுப்பை வைக்கச் சொல்லி அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அமுதா மேடத்திடம் மறைக்க மனம் வரவில்லை. சென்னை வந்ததும் போன் செய்து, கடை, அலமாரி, பாய் என்று எல்லாம் சொன்னேன். நான் பேசியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப அன்னைக்கு அம்புட்டுப் பேரு பேசுனாகளே, அது யாரு தம்பி?"