ஐந்தாவது கூறு

ஒரு கதைப் புத்தகத்தை ஆட்டுக்கறி போலக் கூறு போட்டுப் பங்கிட்ட ஊர் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு இறங்கிப் போவதற்கே அரை நாள் பிடிக்கும் ஓர் இடுக்கில், பத்துப் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் எழுத்து தெரிந்த ஆள் இருந்தது நான்கு வீடுகளில். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்புவரைதான் ஒத்துப்போயிற்று. ஆனாலும் அந்தக் காலத்தில் அதற்கே வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. நான் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அப்பாகூட இருமலை அடக்கிக்கொள்வார்.

கூறு போட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் பக்கம் ஆடு அறுத்தால் தேக்கிலையைப் பரப்பி, ஈரலைக்கூடச் சுண்டுவிரல் அளவுக்கு நறுக்கி, எல்லாக் கூறிலும் எல்லாம் இருக்கும்படி வைப்பார்கள். யாருக்கும் மனக்குறை வரக்கூடாது. அதில் மாமா கெட்டிக்காரர். வாரம் ஒருமுறை புளி மூட்டையோடு ஆலங்காயம் இறங்கிப் போவார், திரும்பும்போது பழைய பேப்பர் கடையிலிருந்து வாரப் பத்திரிகையோ கதைப் புத்தகமோ கொண்டுவருவார். அவர் அதிகம் படிப்பவர் இல்லை. கல்யாணமும் ஆகாதவர். பின்னே எதற்கு இவ்வளவு தூரம் சுமந்து வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அந்த வருஷம் மாசியில் ஒரு தடித்த நாவலோடு வந்தார். அட்டை இல்லை, அதனால் பெயரும் இல்லை. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் மற்ற மூன்று வீட்டுக்கும் வருத்தம் வரும் என்று சொல்லி, தையல் நூலை அறுத்து, ஐந்து கூறாகப் பிரித்துவிட்டதாக அறிவித்தார். வீட்டுக்கு ஒரு கூறு, படித்து முடித்தால் மாற்றிக்கொள்ள வேண்டியது. ஐந்தாவது கூறு மட்டும் நான்கு வீட்டில் ஒரு வீட்டுக்கு உபரியாகப் போயிருப்பதாகச் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது. தலையும் இல்லை, வாலும் இல்லை. எடுத்த எடுப்பில் ஒரு பெண் புருஷன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

அது புளி உடைக்கிற காலம். இன்றைக்கு ஒரு வீட்டுப் புளி, நாளைக்கு இன்னொரு வீட்டுப் புளி என்று பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து ஓட்டை நீக்கி, நாரை உரித்து, கொட்டை எடுப்பார்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, உங்கள் வீட்டில் கதை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்பதுதான். ஒரே பெண், நான்கு வீட்டில் நான்கு விதமாக இருந்தாள். முதல் கூறு வைத்திருந்த கிணற்று வீட்டில் அவள் அப்பன் செல்லம், திமிர் பிடித்தவள். இரண்டாவது கூறு இருந்த பலாமரத்து வீட்டில் மாமியாரின் கொடுமையைத் தாங்கிக்கொண்டு வாய் பேசாதவள். எங்கள் வீட்டில் ஓடுகாலி. நான்காவது கூறு போன மேட்டு வீட்டிலோ, பட்டணத்தில் ஆபீஸ் வேலைக்குப் போய் டெலிபோனில் பேசுகிறவள். சண்டை வராமல் எப்படி இருக்கும்? பலாமரத்து வீட்டு அம்மா ஒருநாள் என் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்க வூட்ல இருந்த வரைக்கும் அந்தப் பொண்ணு தங்கமா இருந்தா. உங்க வூட்டுக்கு வந்துதான் கெட்டா."

அம்மா இரண்டு நாள் அந்த வீட்டுப் புளிக்குப் போகவில்லை.

எங்கள் வீட்டில் கதை கேட்டவர்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவுமில்லை, சண்டைக்கும் போகவில்லை. அவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. போன ஆடியில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு துணிமூட்டையோடு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம் என்னை ஆடு ஓட்ட அனுப்பினார்கள். அத்தையால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. நாலு புளி உடைப்பாள், எழுந்து வேலிவரைக்கும் போய் பாதையைப் பார்த்துவிட்டு வருவாள், மறுபடி நாலு புளி. நான் படிக்கும்போது மட்டும் அசையாமல் இருப்பாள். என் மாமாவும் அவளும் கேலி பேசிக்கொள்ளக்கூடிய முறைதான். ஆனால் பேசி நான் பார்த்ததில்லை. புத்தகத்தைக்கூட மாமா என் கையில்தான் கொடுப்பார்.

பங்குனி பாதிக்குள் நான்கு கூறும் நான்கு வீட்டையும் முன்னும் பின்னுமாகச் சுற்றி வந்துவிட்டது. நான்காவது கூறின் கடைசியில், பட்டணத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குப் புருஷனிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. அவள் அதைப் பிரிக்கிறாள். அவ்வளவுதான், தாள் தீர்ந்துவிட்டது.

அதே வாரம் அத்தையின் புருஷன் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை பெரியவர்களோடு வருகிறார்களாம். எங்கள் மலையில் அதற்கு ஒரு முறை உண்டு. உட்காரவைத்துப் பெண்ணையே கேட்பார்கள். வருகிறேன் என்றால் கூட்டிப்போவார்கள். வரவில்லை என்றால் சாமைச் சோறு தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள், அவள் மனசுக்குப் பிடித்த இன்னொருத்தனைக் கட்டிக்கொள்ளலாம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. அவள் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஆரம்பித்தாள் அத்தை. தண்ணீர் எடுக்கப் போகும்போது கேட்டாள், சோறு போடும்போது கேட்டாள், நான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தபோது மரத்தடிக்கே வந்து கேட்டாள்.

"கண்ணு, அந்தக் கடுதாசியில இன்னா எழுதியிருந்தான்? அஞ்சாவது கூறு எங்க கீதுன்னு பாத்து எடுத்தாயேன். வெள்ளிக்கிழமைக்குள்ள."

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை காலையில் கிளம்பினேன். மேட்டு வீட்டில் கேட்டேன். ஐந்தாவது கிணற்று வீட்டில் இருப்பதாக மாமா சொன்னாராம். கிணற்று வீட்டுக்கு ஓடினேன். அங்கே பலாமரத்து வீட்டைக் கை காட்டினார்கள். எத்தனை நாள்தான் ஒரு கூறை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவார்கள் என்று கிணற்று வீட்டு அண்ணன் சலித்துக்கொண்டார். பலாமரத்து வீட்டில் அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டேய், வூட்ல ஒளிச்சி வச்சிகினு எங்களையே கேக்க வந்தியா? உங்க வூட்லதான் கீதுன்னு உங்க மாமாவே சொல்லிட்டாரு. போய் உங்க அம்மாவைக் கேளு."

மூன்று வீட்டையும் சுற்றிய களைப்பில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தேன். கணக்கில் நான் எப்போதும் மோசம். ஆனாலும் இந்தக் கணக்கு புரிந்துவிட்டது. எழுந்து நேராக மாமாவிடம் போனேன்.

அவர் புளி மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். நான்கு வீட்டிலும் இல்லை என்றேன். முதலில் சிரித்தார். பிறகு, ஐந்தாவது கூறு என்று ஒன்று எந்த நாளும் இருந்ததில்லை என்றார். கடைசிப் பக்கங்களைப் பேப்பர் கடைக்காரன் ஏற்கெனவே கடலை மடிக்கக் கிழித்துவிட்டிருந்தான். பாதி வழி வந்த பிறகுதான் மாமா அதைக் கவனித்தாராம். முடிவில்லாத புத்தகத்தை முழுசாகக் கொடுத்தால் ஏமாந்துவிட்டு வந்தவன் என்று சிரிப்பார்கள். கூறு போட்டுவிட்டால், முடிவு அடுத்த வீட்டில் இருப்பதாக எல்லோரும் காலத்துக்கும் நம்பிக்கொண்டிருப்பார்கள். என் மாமாவின் மூளையை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"அத்தைதான் கேட்டுகினே கீது மாமா. நாளைக்குள்ள வேணுமாம்."

ஊசி நின்றது. அத்தை சரியாக என்ன கேட்டாள், எப்போது கேட்டாள், எத்தனை தரம் கேட்டாள் என்று விசாரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை மூட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு, அப்படியானால் முடிவைத் தானே சொல்வதாகவும், நான் படித்துவிட்டு வந்த மாதிரி போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். தன் பேரை எடுக்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

"அந்தப் பொண்ணு கடுதாசியப் படிச்சா. மடிச்சி வச்சிட்டா. திரும்பிப் போவல. பக்கத்து வூட்ல ஒருத்தன் இருந்தான். ரொம்ப நாளா இருந்தான். அவனுக்குக் கேக்க வாய் வரல. அவளே ஒருநாளு போயி, நான் இங்கயே இருந்துடறேன்னு சொன்னா."

"அப்பறம்?"

"அவ்வளவுதாண்டா மாப்ள."

இப்படி ஒரு சப்பையான முடிவை நான் கேட்டதே இல்லை. ஒரு வெள்ளம் இல்லை, கோர்ட்டு இல்லை, ஒரு பாம்புகூட இல்லை. நான்கு கூறு வரைக்கும் ஊரையே கட்டிப்போட்ட கதை, இப்படிப் போய் மூக்கைச் சிந்திவிட்டு உட்காருமா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சரிசெய்துகொண்டே வந்தேன். ஓடையைத் தாண்டும்போது புருஷனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. கொல்லை மேட்டில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. வேலிப்படலைத் திறந்தபோது கதை தயார்.

அத்தை தனியாக இருந்தாள். புளியைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் விட்டு விளாசினேன். கடிதத்தில் புருஷன், சாகக் கிடப்பதாக எழுதியிருந்தான். இவள் கொட்டும் மழையில் கடைசி பஸ்ஸைப் பிடித்தாள். ஆற்றில் தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்தால், அவன் கண் தெரியாத காய்ச்சலிலும் இவள் பேரையே முனகிக்கொண்டிருந்தான். மாமியார் காலில் விழுந்தாள். எல்லோரும் அழுதார்கள். சுபம்.

அத்தை அழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அவன் பேரு சொல்லியா கூப்ட்டான்?" என்று கேட்டாள்.

"பேரு சொல்லித்தான்."

"நீ எங்க படிச்ச? எந்த வூட்ல?"

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். மற்ற மூன்று வீட்டில் எந்த வீட்டைச் சொன்னாலும் அவள் நேராகப் போய்க் கேட்டுவிடுவாள். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. பெரியவர் ஒருவர் சொன்னதாகச் சொன்னால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

"மாமாதான் சொல்லிச்சு. உங்கிட்ட சொல்லச் சொல்லியே அனுப்புச்சு."

"அவரேவா?"

"அவரேதான்."

"அந்தப் பொண்ணு திரும்பிப் போயிட்டாள்னு அவரு சொன்னாரா?"

"ஆமாங்கறேன்."

அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாக நான் பொய் சொன்னால் கண்டுபிடித்துக் காதைத் திருகுகிறவள். அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. திரும்பி உட்கார்ந்து புளி உடைக்க ஆரம்பித்தாள். பொழுது சாயும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை, ஒருதரம்கூட வேலிப்பக்கம் போகவில்லை. ஒரு நல்ல முடிவு மனுஷியை எப்படி அமைதியாக்கிவிடுகிறது பார் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அத்தையின் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர். வீட்டுக்காரர் காய்ச்சல்காரர் போலத் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டார், சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தையின் பக்கம் திரும்பவில்லை, அவள் பேரை ஒருமுறையும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, உட்காராமல் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பின் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டேயிருந்தார்.

பெரியவர் கேட்டார். "இன்னாம்மா, வர்றியா, இருக்கியா? உன் இஷ்டந்தான். யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

அத்தை மாமா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். மாமாவும் பார்த்தார்.

"வர்றேன்" என்றாள்.

துணிமூட்டை காலையிலேயே கட்டித் தயாராக இருந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் அவர்கள் வரகுக் கொல்லையைத் தாண்டிவிட்டார்கள். அம்மா மட்டும் உள்ளே போய், காரணம் இல்லாமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

"நீ இன்னாடா சொன்ன?"

எனக்குப் பாராட்டு வாங்கும் நேரம் வந்துவிட்டதென்று நினைத்தேன். மழை, கடைசி பஸ், இடுப்பளவு தண்ணீர், காய்ச்சல் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அத்தைக்குச் சந்தேகம் வராமலிருக்க, மாமாவே சொல்லியனுப்பியதாகச் சேர்த்துக்கொண்ட என் சாமர்த்தியத்தையும் சொன்னேன். அவர் கையை ஓங்கவில்லை. முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"நல்லாத்தான் கீதுடா" என்றார். பிறகு அவர்கள் போன பாதையில் இறங்காமல், காட்டுப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

நான் அன்றைக்கு மத்தியானமே மற்ற மூன்று வீட்டுக்கும் போய், ஐந்தாவது கூறு கிடைத்துவிட்டதென்று முடிவைச் சொன்னேன். மேட்டு வீட்டில் அழுதார்கள். பலாமரத்து வீட்டு அம்மா, அந்தப் பெண் கடைசியில் தங்கம்தான் என்று தான் அப்போதே சொன்னதாக எல்லோருக்கும் நினைவூட்டினாள். இரண்டு நாளைக்கு எந்த வீட்டிலும் எனக்குச் சோறு கேட்காமலே கிடைத்தது.

மாமா அதற்கப்புறமும் வாரம் தவறாமல் ஆலங்காயம் போய்வந்தார். உப்பு வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. புத்தகம் மட்டும் வரவில்லை. தன் கதையைவிட என் கதை நன்றாக அமைந்துவிட்டது அவருக்குப் பொறுக்கவில்லை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.