எரியாத வாயு

திருவிழாவில் விற்கும் பலூனில் எரியும் வாயுவை அடைக்கக் கூடாது, ஹீலியம்போல் எரியாததைத்தான் அடைக்க வேண்டும் என்பது விதி. ஆரணியில் தேர் ஓடிய அந்த மாலை விதி எந்தக் கோப்பில் ஓய்வெடுத்ததோ, என் மூக்கில் ஏறியது முடி கருகும் நாற்றம்.

பட்டு நெய்யும் எங்களுக்கு, நூலைக் கண்டால் நுனியைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கம். அசல் பட்டு சுருண்டு அணையும். போலி காகிதம்போல் பற்றி ஓடும். ஏழு வயதுத் தங்கை கமலா நெஞ்சோடு அணைத்திருந்த “கேஸ் பலூனில்” பளபளப்பான நூல் தொங்கியது.

“சுத்தப் பட்டுங்க” என்றார் பலூன்காரர்.

“தறிக்காரங்கிட்டயேவா?” என்று சிரித்தபடி, அப்பா நூலின் நுனியில் தீக்குச்சியை வைத்தார். நூல் போலி. பலூனில் இருந்தது ஹைட்ரஜன். கமலாவின் இடக்கண் போயிற்று.

போலீசார் சிலிண்டரை எடுத்துப்போனார்கள்; ஆய்வறிக்கை எழுதப்பட்டது என்று மட்டும் கேள்விப்பட்டோம். அப்பா அதன்பின் எந்த நூலையும் கொளுத்தவில்லை.

கல்லூரியில் வேதியியல் படித்தபோது அவருக்குச் சொன்னேன்: சூரியனின் நடுவில், கோடி டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில், நான்கு ஹைட்ரஜன் கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியம் கருவாகின்றன, அப்போது குறையும் சிறு நிறைதான் நமக்கு வெயில். ஹைட்ரஜனுக்கு ஒரே எலக்ட்ரான். துணை தேடி ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும். ஹீலியத்தின் கூட்டில் இரண்டுக்குத்தான் இடம், இரண்டும் இருக்கின்றன. கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்; எந்த மனுவையும் ஏற்காத அலுவலகம் அது.

“அப்ப அத அடச்சிருந்தா, நான் கொளுத்தியும் கொயந்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காதா?”

“நூல் மட்டும் எரிஞ்சிருக்கும்பா.”

“நீ மகன், அப்டித்தான் சொல்வ. அவங்க எழுதிக் குடுக்கட்டும்.”

ஆய்வறிக்கையின் நகல் கேட்டு மனு எழுதினேன். நானே அரசுப் பணியில் சேர்ந்து, நினைவூட்டுக் கடிதம் அனுப்பும் முறையையெல்லாம் கற்று, அனுப்பிக்கொண்டே இருந்தேன். கமலா கடிந்துகொள்வாள்: “இன்னுமாப்பா அதையே பேசிகினு கீற? உன் மூஞ்சியப் பாக்க ஒரு கண்ணு போதும்.” அப்பா சிரிக்கமாட்டார்.

ஓய்வுபெற்றபின் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். நகல் வந்தது. வலக்கண்ணருகே பிடித்து கமலாதான் உரக்கப் படித்தாள்: “ஹீலியம் அடைத்திருந்தால் விபத்து நேர்ந்திருக்காது.” அப்பாவின் படத்துக்கு முன் அதை வைத்தாள். அன்று தை பத்தொன்பது. அவருடைய பதினாறாம் நாள்.