தாவீதின் மழித்த முகம்

வாட்ச்மேன் சட்டையைப் பிரவீனா இன்னொரு முறை வாளியில் முக்கிப் பிழிந்தாள். புதுத்துணியின் விறைப்பு போனால்தான் அவள் புருசன் தாவீது அதை உடம்பில் போடுவான். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் கேட்டுக்கு ஆள் வேண்டுமென்றதும், சூப்பர்வைசர் லோகேஷின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கிய வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

உள்ளே தாவீது முகம் மழித்துக்கொண்டிருந்தான். கடலோர அணு உலையில் பல வருசம் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்தவன். அங்கே உள்ளே போகிறவன் முகமூடி மாட்ட வேண்டும். தாடி முளைத்திருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. பழைய யூனிட்டை ரிப்பேருக்கென்று நிறுத்தி நாலு வருசமாகிறது. மூடுவதா, இன்னும் ஓட்டுவதா என்று பெரிய இடத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். இவன் மழித்துக்கொண்டே இருந்தான். வடக்குப்பட்டில் சொந்தத்தில் சாவு விழுந்த அன்றைக்குக்கூட ரேசரைத் தொடாமல் கிளம்பவில்லை. இடையில் கிடைத்த எந்த வேலையிலும் காலூன்றவில்லை.

"இன்னாயா, தினம் மாப்பிள்ள வேசம்?" என்று அவள் சீண்டுவாள்.

"நீ பேசுவ. உன் கம்பெனி லைன் ஓடுதே, அந்தக் கரண்ட் இன்னா உங்கப்பன் வூட்லேர்ந்தா வருது?"

அது உண்மைதான். கரண்ட் நின்றால் லைன் நிற்கும், ஓ.டி. காசு போகும். ஆனால் அவன் உலைக்குப் போய்வந்த நாட்களையும் அவள் மறக்கவில்லை. வருசத்துக்கு உடம்பு வாங்கலாம் என்று வைத்திருக்கும் கதிர்வீச்சு அளவை நெருங்கியதும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "நம்ம கோட்டா ரொம்பிடுச்சு" என்று சிரித்தபடி வந்து பாயில் சாய்வான். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அவனுக்கு அது போதும். பக்கத்தில் படுத்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

நேற்று அவன் பால் வாங்கப் போயிருந்தபோது அவனுடைய போன் அடித்தது. கூட வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் அருள்பாண்டி.

"மைனி, யூனிட்ட மூடலயாம். இன்னும் பத்து வருசம் ஓட்டப் போறாவ. காண்ட்ராக்டர்ட்ட அண்ணாச்சி பேரத்தான் மொதல்ல குடுக்கணும்னு இருக்கேன்."

பிரவீனா வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"அவருக்கு இங்கயே வேல ஆயிடுச்சுங்க. வேற ஆளப் பாத்துக்குங்க."

"அப்படியா? நல்லா இருக்கட்டும் மைனி." அவர் குரல் இறங்கியது.

அழைப்பு வந்த தடத்தைப் போனில் அழித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள்.

சட்டையை உதறியபடி இப்போது உள்ளே வந்தாள். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தாவீது கன்னத்தில் பாதி நுரையோடு திரும்பினான்.

"பாத்தியா, தொறக்கறாங்களாம்! பழசு பழசுன்னியே. பழசத் தட்டிக்கொட்டி ஓட்றதுக்குத்தாண்டி எங்க கை வேணும்."

"திங்கக்கிழமை லோகேஷ் சார் வரச் சொல்லிக்கிறாரு."

"கேட்ல நின்னு போற வர்ற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்கச் சொல்றியா? அருள்பாண்டி கூப்புடுவான் பாரு."

"நீயே அடிச்சுக் கேளேன்." வாய் தவறி வந்துவிட்டது.

"நானா அடிச்சா பிச்ச கேக்கற மாறி ஆயிடும். அவனே கூப்புடட்டும்." மிச்சத்தையும் மழித்து, துண்டால் துடைத்து, தாடையைத் தடவிப் பார்த்தான். போனை எடுத்தான், திரும்பக் கண்ணாடி ஓரத்தில் வைத்தான்.

"செய்தி டிவிலயே வந்துடுச்சு. இன்னும் கூப்புடல." அவன் குரலில் வீறாப்பு இல்லை. "என்னய மறந்துட்டானா பிரவீ?"

சட்டையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இன்னொரு தரம் முறுக்கிப் பிழிந்துகொண்டே அவள் கொடிக்கயிற்றுக்குப் போனாள்.