வயிறு தெரியத் தைத்த வெள்ளை

குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவாள் சலஃபாய். ஊசியும் விழாது, பேச்சும் நிற்காது. "நிமிந்து நில்லுடி. வயித்தை எக்காதே. இப்ப எக்கினா அளவு பொய் சொல்லும். ஞாயித்துக்கிழமை பாட்டு நடுவிலே தையல் விட்டு உண்மையைச் சொல்லிடும்." அளவு கொடுக்க நிற்பவள் சிரித்து மூச்சை விடுவாள். அந்த நேரம் பார்த்துச் சலஃபாய் நாடாவை இழுத்துவிடுவாள்.

நியூசிலாந்துக்கு வடக்கே, கடல் நடுவே கிடக்கும் சவாயி தீவின் தென்கரையில் இருக்கும் அந்த ஊரில், ஞாயிறு என்றால் வெள்ளைதான். அந்த வெள்ளையில் பாதிக்கு மேல் சலஃபாயின் கைமிஷினில் ஓடியது. சந்தேகம் இருப்பவர்கள் ஆலய வாசலில் நின்று யாருடைய கைமடிப்பையாவது திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்; உள்தையலும் வெளித்தையலும் ஒன்றுபோல் இருந்தால் அது அவள் கை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவள். பன்றி வளர்த்து விற்று மிஷின் வாங்கினாள். "பழைய கவுனைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். அதுதான் என் காலேஜ். எந்த வாத்தியாருக்கும் நான் கடன்படலை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். பெருமைதான், அதில் என்ன? சொந்தக் கையை ஊன்றி எழுந்தவள் பெருமை பேசத்தான் செய்வாள். குறை சொல்கிறவர்கள் முதலில் எழுந்து காட்டட்டும்.

வேதத்தைத் திறந்தாலும் அவள் கண்ணில் படுவது தையல்தான். "ஆதாமும் ஏவாளும் அத்தியிலையைத் தைச்சுக் கட்டிக்கிட்டாங்க. பயத்திலே தைச்ச தையல். மத்தியானத்துக்குள்ளே சருகாயிடும்னுகூடத் தோணலை பாரு. கடவுள் வந்து என்ன கேட்டார்? ஏன் அம்மணமா நிக்கிறேன்னா கேட்டார்? ‘நீ அம்மணம்னு உனக்கு யார் சொன்னது?’ன்னு கேட்டார். அப்ப அவர் சொல்லலை, வேற யாரோ சொல்லித்தான் வெட்கம் வந்திருக்கு. தண்டனை குடுத்தார், வாஸ்தவம். ஆனா வெளியே அனுப்பறதுக்கு முன்னாடி, தோலிலே உடுப்புப் பண்ணி அவரே போட்டுவிட்டார். கோபத்திலேயும் அளவு பார்த்திருக்கார்."

போன மாதம் லூபே அவளிடம் அளவு கொடுக்க வந்தாள். பாட்டுக் குழுவில் பாடும் பெண். கல்யாணம் ஆகவில்லை, வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. திருவிருந்தில் அப்பம் வாங்குகிறவர்களிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். ஆலயத்துக்கு வந்தால் கறுப்பு உடுத்திக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும் என்று மூப்பர்கள் முடிவு சொல்லியிருந்தார்கள். கூடவே வந்த தாய் கெஞ்சினாள்.

"வெள்ளையே தைச்சுடுக்கா, கறுப்பிலே இவளைப் பார்க்க என்னாலே ஆகாது. ஆனா தொளதொளன்னு தை. மூட்டை மாதிரி இருந்தாலும் சரி, வயிறு தெரியக் கூடாது. இந்த ஞாயித்துக்கிழமை எனக்குத் தலைகுனிவு வந்துச்சுன்னா இவளை ஆக்லாந்துக்கு ஏத்தி விட்டுடுவேன். தங்கச்சி வீட்டிலே பெத்து, அங்கேயே யாருக்காவது குடுத்துட்டு வரட்டும்."

"நான் குடுக்க மாட்டேன்மா," என்றாள் லூபே. ஈ பறக்கும் சத்தம்கூட அதைவிடப் பெரிதாகக் கேட்டிருக்கும்.

சலஃபாயின் வீட்டுக்கு, அங்குள்ள பழைய வீடுகளைப் போலவே, சுவர் கிடையாது. தூண்களும் கூரையும்தான். தாய் எழுந்து ஓலைத் தட்டியை இறக்கப் போனாள்.

"மழையா பெய்யுது? விடு அதை."

சாலையில் போகிறவர்கள் போய்க்கொண்டிருக்க, லூபேயின் வயிற்றைச் சுற்றி நாடாவைப் போட்டாள் சலஃபாய். வளரும் வயிற்றுக்கு இடம் விட்டு, மார்புக்குக் கீழே மடிப்பு வைத்து, வயிறு வயிறாகவே தெரியும்படி வெட்டினாள்.

சாயங்காலமே செய்தி போய்விட்டது. மூப்பர் இயோவானே வந்தான். சபையில் அவன் இருமினால் பிள்ளைகள் வாயை மூடும். ஆனால் அவன் சலஃபாயின் தம்பி. தமக்கை முன் குரல் உயர்த்துவது அங்கே நடக்காத காரியம். பாயில் காலை மடக்கி உட்கார்ந்து, அவள் கொடுத்த கொக்கோவை ஊதி ஊதிக் குடித்தான்.

"வெட்கம் வேணும்க்கா. வெட்கப்படத் தெரியாத ஜனம்னு தீர்க்கதரிசியே திட்டியிருக்கார்."

மிஷின் கைப்பிடி நின்றது. அவளுக்கும் அந்த வசனம் தெரியும்.

"வேணும்டா. தப்புப் பண்ணினா உள்ளேயிருந்து வரணும். அவளுக்கு வந்தது. எத்தனை நாள் அழுதாளோ! நீங்க வெளியேயிருந்து கொண்டுவந்து போத்தறீங்களே, அது வேற சரக்கு. ஆண்டவரையே துணியை உரிச்சுட்டு, சிலுவையிலே ஊர் பார்க்கத் தொங்க விட்டாங்க. அந்த வெட்கத்தை அவர் மதிச்சாரா? அது சரி, அவளுக்குப் பிள்ளையைக் குடுத்தானே, அந்தப் பையனை நீக்கினீங்களா?"

"அவன் நியூசிலாந்திலே இல்ல இருக்கான். ஆப்பிள் பறிக்கப் போயிருக்கான்."

"நல்லாருக்குடா! இந்தத் தடவை பழத்தைப் பறிச்சது ஆம்பளை. கறுப்பு மட்டும் மறுபடி பொம்பளைக்கா?"

இயோவானேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டான். எழுந்திருக்கும்போது பாயைப் பார்த்தே சொன்னான்: "உன்னை எதுத்து நான் பேச மாட்டேன்க்கா. ஞாயித்துக்கிழமை ஆலய வாசல்லே மரெத்தா நிப்பா."

மரெத்தா அவன் மனைவி.

சொன்னபடி நின்றாள். மணிக்குப் பதிலாகத் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டரை யாரோ அடித்து ஓய்ந்திருந்தார்கள். உள்ளே பெஞ்சுகள் நிறைந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. புது வெள்ளையில் லூபே படியேறியதும் மரெத்தா ஒரு கறுப்புத் துணியை நீட்டினாள். குரலில் கெடுதல் இல்லை.

"இதைச் சுத்திக்கிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போயிடு பிள்ளே. எல்லாரும் பார்க்கறாங்க."

லூபேயின் கை பாதி நீண்டது. தாய் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் பின்னாலிருந்து வந்த சலஃபாய் துணியை வாங்கிக்கொண்டாள். விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல கனம், மரெத்தா. ரொம்ப உபகாரம்."

மரெத்தா ஒதுங்கி வழிவிட்டாள். சலஃபாய் கடைசி பெஞ்சில் நிற்கவில்லை. லூபேயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியே நடந்தாள். விசிறிகள் வீசுவதை நிறுத்தின. திருவிருந்து மேசையருகே இயோவானே அப்பத் தட்டோடு நின்றான். தமக்கையைத் தடுக்கவும் முடியாமல், வா என்று சொல்லவும் முடியாமல். அவள் தனக்கு உரிய முதல் பெஞ்சை அடைந்தாள்.

"பலகை கட்டாந்தரை மாதிரி இருக்கு. பிள்ளைத்தாச்சி எப்படி உட்காருவா?" என்றாள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி.

அந்தக் கறுப்புத் துணியை நாலாக மடித்துப் பலகைமேல் விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவி, இரண்டு தட்டுத் தட்டினாள்.