மரக்கரண்டிகள் கரையேறிய நாள்

ஸ்டுட்கார்ட்டில் நாலாம் வகுப்பு என்பது பிள்ளைக்கு மட்டும் நடக்கிற விஷயமல்ல. அந்த வருடம்தான் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற கிம்னாசியம் என்ற மேல்பள்ளிக்குப் போகத் தகுந்ததா இல்லையா என்று பள்ளிக்கூடம் எழுதித் தரும். எங்கள் தமிழ்ச் சனத்துக்கு அது கலியாணப் பேச்சை விடப் பெரிய காரியம். ஆகவே மகளின் வகுப்பாசிரியை, “ஐரோப்பியர் அமெரிக்காவில் குடியேறிய கதையைப் பொம்மை செய்து படிக்கப் போகிறோம், இதற்கும் புள்ளி உண்டு” என்றதும், நான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

ஆசிரியை ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து அந்த நாட்டுச் சரித்திரம் அவருடைய சீதனச் சொத்து மாதிரி. மரக்கரண்டிக்கு முகம் கீறி உடுப்புப் போட்டால் பொம்மை. வந்திறங்கும் வெள்ளைக்காரக் கரண்டிகளுக்கு வெள்ளைத் தொப்பி, கழுத்துப்பட்டி, கஞ்சி போட்ட ஏப்ரன், சப்பாத்துக்கு வெள்ளி வளையம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் வந்தது. கரண்டிக்குக் கால் எங்கே என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு ஒரே வரி: மண்ணிறத் துணி, ஒரு இறகு, போதும்.

அந்த ஒரே வரிதான் என் மகளுக்குக் கிடைத்தது. “இது அவளுக்கு இயல்பாகப் பொருந்தும்” என்றார் ஆசிரியை அன்பாக. என்ன பொருத்தம் என்று நான் கேட்கவில்லை. புள்ளி அவர் கையில் இருந்தது.

“பருப்புக் கிளறுற அகப்பைக்கோ உடுப்புத் தைக்கிறீர்?” என்று என் கணவர் கேட்டார். பிறகு அவரே கோழி இறகு தேடித் தந்தார்.

பெற்றோருக்குக் காட்டும் நாள் வந்தது. சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். நீலத் துணிக் கடல், பால் பெட்டிக் கப்பல். வெள்ளைத் தொப்பிகள் இறங்க, மகளின் கரண்டி, “வாருங்கள், இது உங்கள் நாடும்தான்” என்று சொல்லிச் சோளம் கொடுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து சாப்பிட, சரித்திரம் முடிந்துவிடும்.

மகள் கரண்டியை நிமிர்த்திப் பிடித்தாள்.

“தெர்மின் எடுத்திருக்கிறீர்களா?”

தெர்மின் என்கிற முன்பதிவு நேரம் இல்லாமல் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாசல் தாண்ட ஏலாது; அங்கே எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் அவள்தான். அந்த அதிகாரிகளின் குரல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. “பாஸ்போர்ட்? வாடகை ஒப்பந்தம்?” மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் அந்த அலுவலக வாசலில் நின்றறியாதவர்கள். ஆசிரியை மட்டும் சிரிக்காமல், “சோளம், சோளம்” என்று முணுமுணுத்தார். மடியில் புள்ளித்தாள் இருந்தது.

“எவ்வளவு காலம் தங்குவீர்கள்?”

கப்பல் தலைவன் கரண்டியைக் கையில் வைத்திருந்த பையனுக்கு இதற்கு வசனம் இல்லை. பாவம், பாடத்தை ஒழுங்காகப் படித்தவன். “எப்போதும்” என்றான்.

மகள் சோளத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கிம்னாசியம் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. வந்திறங்கியவர்கள் மேல் இரக்கமும் இருந்தது. நானும் ஒரு பையோடு வந்திறங்கியவள்தானே.

“குடுத்துத் துலை, பிள்ளை!” என்று தமிழில் கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். “ஏலாது அம்மா. அவையள் துவக்கோட வந்திருக்கினம்.”

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு ஆண் கரண்டியிலும் கறுப்பு மை பூசிய பல்குத்தும் குச்சி துப்பாக்கியாக ஒட்டியிருந்தது. யாரோ ஒரு தகப்பனின் கச்சிதமான வேலை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவுக்குள்ளும் ஆமிக்காரர் துவக்கோடுதான் வந்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றார்கள். இன்றைக்கும் அது முகாம்தான்.

“அப்ப குடுக்காதை” என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்க.

ஆசிரியை பேனாவைத் திறந்தபடி, மகளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து நின்று, ஒரு சொல்லும் விடாமல் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.