பிளீச்சில் பிழிந்த தேசிக்காய்

மகன் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, பக்குரங்கா என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் விட்டிருந்தார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ஆனால் கக்கூஸ் நாற்றம் தாங்க முடியாமல் மருமகள் பயணத்துக்கே வரமாட்டேன் என்றுவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவர்கள் தோட்டத்தில் நின்ற நேரம் நான் தனியே வண்டிக்குள் ஏறினேன். கக்கூஸ் கழுவுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தால் வெட்கம் என்று கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். பிளீச்சை நிறைய ஊற்றியும் நாற்றம் குறையவில்லை. மீன் சட்டியின் நாற்றம் போக எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், தேய்ப்பது என் பழக்கம். அதேபோல் நாலைந்து தேசிக்காயை அந்தப் பிளீச்சுக்குள்ளேயே பிழிந்துவிட்டேன்.

உடனே கண் எரிந்தது. நெஞ்சு அடைத்து மூச்சே வரவில்லை. பதற்றத்தில் கதவின் கைப்பிடி அகப்படவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிடவும் கூச்சம். கடைசியில் சுவரில் ஓங்கித் தட்டினேன்.

“மாமி! உள்ளுக்க என்ன செய்யிறியள்?” என்று மருமகள் ஓடிவந்து கதவைத் திறந்து, என்னை வெளியே இழுத்தெடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிளீச்சோடு புளிப்புச் சேர்ந்தால் நச்சுப்புகை வரும் என்று டாக்டர் சொன்னார்.

“அம்மா, கக்கூசுக்குள்ள ரசமே வைச்சனீங்கள்?” என்று மகன் சிரித்தார். ஆனால் என் கையை விடவில்லை.

பிறகு பார்த்தால், கழிவுத் தொட்டியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதை மாற்றி, தொட்டியை வெறும் தண்ணீரால் பலமுறை அலசியதும் நாற்றம் போய்விட்டது.

இப்போது நான் ஒன்றோடு ஒன்றைக் கலப்பதே இல்லை. கதவை அகலத் திறந்து வைத்துத்தான் கழுவுகிறேன். தெருவில் யாராவது பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வேன்; கதவைச் சாத்த மாட்டேன்.